குழம்புச் சட்டி மூடியும் ஆறு கம்ப்யூட்டரும்

என் ஒயர்கார மனுஷனுக்கு,

உன் கஸ்தூரி எழுதுகிறேன். நீ இருந்தவரைக்கும் உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. பத்துக்குப் பத்து வீட்டில் கடிதம் எதற்கு, வாயைத் திறந்தால் போதாதா. அதுவும் என் வாய். போன வாரம் நம் மலர்தான் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "அப்பாகிட்ட அத்த சொல்லணும், இத்த சொல்லணும்னு தெனமும் பொலம்பிகினு கீறியே, எழுதும்மா" என்றாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரில் போடப்போகிறார்களாம். ஊரே படிக்கும். நீ கூச்சப்படுவாய். பட்டுக்கொள், போ.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. புத்தர் படத்துக்குக் கீழே உன் படத்தை மாட்டியிருக்கிறோம். துறைமுகத்துக்குள் போவதற்காகப் பாஸுக்கு எடுத்த படம்தான், அதைத்தான் பெரிதாக்கினோம். வேறு நல்ல படம் இல்லை. எல்லார் கலியாணத்திலும் நீ மைக் செட்டுக்குப் பின்னால் போய் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றால் எப்படிப் படம் இருக்கும்?

மலர் ஆறாவது படித்த வருஷம்தான் இதெல்லாம் தொடங்கியது. நீ ராயபுரத்தில் ஒரு காண்டிராக்டரிடம் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாய். துறைமுகத்தைச் சுற்றியிருந்த சரக்கு கிளியரிங் ஆபீஸ்களில் கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்கு முதலில் பென்சில் தடிமனில் ஒரு கறுப்பு ஒயர் போட்டீர்கள். ரெண்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதையெல்லாம் பிடுங்கிவிட்டு நீல ஒயர் போடச் சொன்னார்கள். பிடுங்கியதைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நீயோ, எடுத்துப்போகலாம் என்று ஒரு சீட்டு எழுதி வாங்கி, அதைக் கேட்டில் காட்டி, சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

கறுப்பு ஒயர் மட்டுமா? நாலைந்து ஒயரை ஒன்றாகச் சேர்க்கும் ஹப், மோடம், கம்ப்யூட்டருக்குள் செருகும் பச்சைக் கார்டு, மூன்று வாய் உள்ள குட்டி இணைப்பு, கட்டைவிரல் நுனி அளவில் பித்தளை மூடி. மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாய், அப்புறம் பரணில், அப்புறம் கட்டிலின் மேலேயே.

"இன்னாயா இது, வூட்ல மனுஷன் பட்துக்கறதா வேணாவா?" என்று கேட்டால், "தூக்கிப் போட்டாங்க மே. நல்லா கீது, உசுரு கீது அதுக்கு" என்பாய். மெஷினுக்கு உசுரு பார்க்கிறவன் பெண்டாட்டி முதுகுவலியைப் பார்க்க மாட்டாயா என்று நான் ஆரம்பிப்பேன். நீ துணியால் ஒரு கார்டைத் துடைத்துக்கொண்டிருப்பாய். எனக்கு அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒன்றையும் நீ வீணாக்கியதில்லை. மொட்டை மாடியில் அந்தக் கறுப்பு ஒயரில் துணிக்கொடி கட்டினாய். எந்த மழைக்கும் அறுந்ததில்லை. தண்டையார்பேட்டை லாரி புக்கிங் ஆபீஸில் இரண்டு மெஷினைக் கோத்துக் கொடுத்தாய். நீல ஒயரை உரித்தால் உள்ளே எட்டு நிறத்தில் மெல்லிய கம்பி வரும், அதில் மலருக்குப் பேனா போடக் கூடை முடைந்தது நான். ஒரே ஒருமுறை அந்தக் கறுப்பு ஒயரை டிவிக்கு இழுத்தாய் பார், படத்தில் எல்லாருக்கும் இரண்டு மூக்கு. பக்கத்து வீட்டுக்கும் இழுத்துக் கொடுத்திருந்ததால் அந்த அம்மா வந்து என்னோடு சண்டை. "அது வேற ஜாதி ஒயரு மே, டிவிக்கு ஒத்துக்காது" என்று நீ தலையைச் சொறிந்தாய்.

குழம்புச் சட்டி மூடியின் பிடி உடைந்தபோது, உன் மூட்டையிலிருந்து ஒரு பித்தளை மூடியை எடுத்து, அடியில் துணி சுற்றி, அந்த ஓட்டையில் செருகி வைத்தேன். அழகான பிடி. சாப்பிட உட்கார்ந்த நீ அதைப் பார்த்துவிட்டு அப்படியே கையை நிறுத்தினாய்.

"இத்த போயி கொழம்புக்கு வெச்சிகிறியே. இது இன்னான்னு தெரியுமா உனுக்கு? ஒயர்ல போற சேதி கடைசி முனைக்குப் போயி முட்டிகினு அப்டியே திரும்பி வந்துடும். வந்துகினு கீற சேதி மேல மோதும். அப்ப எதுவும் எதுக்கும் கேக்காது. கடைசில இந்த மூடி இருந்தா, வந்த சேதிய அங்கியே முழுங்கிக்கும். ரெண்டு முனைலயும் இருக்கணும். ஒண்ணு இல்லன்னாலும் மொத்தமும் படுத்துக்கும்."

நான், "கொழம்பு ஊத்தவா?" என்றேன். நீயும் அந்தப் பிடியைக் கழற்றவில்லை. இப்படி எத்தனை சாப்பாட்டு நேரம். நீ சொல்லிக்கொண்டே இருப்பாய், நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சில வருஷம் கழித்து வந்த அந்த ஐப்பசி மழையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கூரை ஒழுகி, பரணிலிருந்த உன் சாமானையெல்லாம் கீழே இறக்கி, மலர் உட்கார்ந்து படிக்க ஒரு அடி இடம் இல்லை. நீ வேலைக்குப் போயிருந்தாய். தெருவில் பிளாஸ்டிக் சாமான்காரர் கூவிக்கொண்டு போனார். கோபத்தில் மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு மஞ்சள் பக்கெட்டும் இரண்டு மக்கும் வாங்கிக்கொண்டேன். நீ வந்தபோது, "நீயும் ஒண்ணுதான், உன் கலீஜும் ஒண்ணுதான். அடுத்து உன்னயும் போடறேன்" என்றேன்.

நீ பக்கெட்டைப் பார்த்தாய். வெளியே பார்த்தாய். "செரி, உடு" என்றாய். அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாதது என்னவென்றால், முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்தில் நீ வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாய். மலர் பதினொன்றாம் வகுப்பில் அடம்பிடித்துக் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்ந்திருந்தாள். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக்கட்டிய ஆறு கம்ப்யூட்டர்களும் ஒரு பிரிண்டரும் அந்தப் பள்ளிக்குத் தானமாக வந்திருந்தன. ஆறும் தனித்தனியாகக் கிடந்தன. செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பெண்ணும் தன் மெஷினிலிருந்தே தாளை அச்செடுக்க வேண்டும், அதற்கு ஆறும் சேர்ந்திருக்க வேண்டும். பார்வையிட வந்த அதிகாரி, தான் அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் குரூப்பை மூடிவிட்டு இருபத்திரண்டு பெண்களையும் வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவதாக எழுதிவைத்துவிட்டுப் போனார். பெற்றோர் கூட்டத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் சாந்தி டீச்சர் இதைச் சொல்லிக் கண் கலங்கினபோது, கடைசி வரிசையில் எழுந்து, "நான் போட்டுத் தர்றேன் டீச்சர், சாமான் எங்கிட்ட கீது" என்றாயாமே. சாமான் அடுத்த நாளே மஞ்சள் பக்கெட்டாகிவிட்டது.

அப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று கிளம்பிப் போனாய். மூட்டை திரும்பி வந்தது. "எங்கயா கெட்ச்சுது?" என்றதற்கு, "கெட்ச்சுது" என்றாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த காயலாங்கடை காசிம் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிளாஸ்டிக்காரர் மூட்டையை அவர் கடையில்தான் போட்டிருக்கிறார். நீ போய்க் கேட்டிருக்கிறாய். இரண்டு ஞாயிறும் அவர் கடையில் குந்தி, மலைபோலக் கிடந்த ஒயரையெல்லாம் உரித்து, செம்பு தனியாக, ரப்பர் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாக உன் மூட்டையை வாங்கி வந்திருக்கிறாய். "வூட்ல தெரிஞ்சா வருத்தப்படுவா, சொல்லாத பாய்னு சத்தியம் வாங்கிகினாரும்மா" என்றார் பாய். விரலெல்லாம் கீறலாக இருந்ததே அப்போது, நான் கேட்டேனா? மருந்து தடவிக்கொள்ளச் சொன்னேனா? ஞாபகமே இல்லையே எனக்கு.

மூட்டையில் எல்லாம் இருந்தன, மூடிகள் தவிர. பித்தளை என்று அவற்றை முதல் நாளே தனியாகப் பொறுக்கி உருக்க அனுப்பிவிட்டார்கள். கையோடு சிக்கியது இரண்டே இரண்டு. முனைக்கு ஒன்று, சரியாக இரண்டு போதும் என்று நீ மலரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாய்.

ஒரு வாரம் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கூடம் போனாய். ஆறு மெஷினுக்குள்ளும் பச்சைக் கார்டு செருகி, கறுப்பு ஒயரைச் சுவரோரம் ஓட்டி, இரண்டு முனையிலும் மூடி போட்டாய். முதல் தாள் அச்சாகி வந்ததும் பெண்கள் எல்லாம் கைதட்டினார்களாம். அதையும் வந்து என்னிடம் சொல்லவில்லை, மலர்தான் சொன்னாள்.

அதிகாரி வந்த நாளில் நீ அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்துக்குள் வேலையில் இருந்தாய். அங்கே உன்னைக் கூப்பிட வழியே இல்லை. டீ போட, நாற்காலி போட என்று நாலைந்து தாய்மார்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போயிருந்தேன். அதிகாரி தலைமை ஆசிரியை அறையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது மலர் வெளிறிப்போய் ஓடிவந்தாள்.

"அம்மா, ஒண்ணுமே வேல செய்யல. ஒரு மெஷினுக்கு இன்னொண்ணு தெரியவே மாட்டுது. நேத்து நல்லா இருந்துச்சும்மா. ஹிஸ்டரில போட்டுடுவாங்கம்மா எங்கள."

உள்ளே போனேன். சாந்தி டீச்சர் ஒவ்வொரு மெஷினாகத் தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு பெண்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு என்ன தெரியும்? எட்டாவது படித்தவள். ஆனால் கால் தானாக அந்தக் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தது. கதவோரத்து முனையில் மூடி இருந்தது. ஜன்னலோரம் போய்ப் பார்த்தால், முனை மொட்டை.

ஆயா முனியம்மாவைக் கேட்டேன். "அதுவா? சும்மா தொங்கிகினு இருந்துச்சும்மா, ஒண்ணுத்துலயும் மாட்டல. ஆபீசர் வர்றாரு, தொங்கறதெல்லாம் எடுத்துடுன்னாங்க. கழட்டிக் குப்பையோட கொளுத்திட்டேன்" என்றாள், பாவம். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு மூட்டையையே தூக்கிப் போட்டவள் நான், ஒன்றைப் போட்டவளை என்ன சொல்ல? நான் அந்த மூட்டையைப் போடாமல் இருந்திருந்தால் கைநிறைய மூடி இருந்திருக்கும்.

அப்போதுதான் குழம்புச் சட்டி ஞாபகம் வந்தது.

ஓடினேன். அந்த வயதில், அந்த உடம்போடு ஓடினேன். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நகராமல் நின்றன, இடுக்கில் புகுந்தேன். ரயில்வே கேட்டில் நிலக்கரி கூட்ஸ் மறித்துக்கொண்டு நின்றது. இரண்டு பெட்டிக்கு நடுவே ஏறி இறங்கினேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை, சொல்லியிருந்தால் என்னைக் கொன்றிருப்பாய். வீட்டில் கருவாட்டுக் குழம்பு மூடி வைத்திருந்தது. பிடியைப் பிடித்து ஒரு இழு. சட்டி மூடி குழம்புக்குள்ளேயே விழுந்தது. விழட்டும் என்று திரும்பி ஓடிவந்தேன்.

சுற்றியிருந்த துணியைப் பிரித்து, முந்தானையால் துடைத்து, ஊதி, அந்த மொட்டை முனையில் வைத்து அமுக்கிக் கால் சுற்றுத் திருகினேன். நீ எப்படிச் செய்வாயோ அப்படியே. கை அதைப் படித்து வைத்திருந்தது, எனக்கே தெரியாமல். "எல்லாத்தையும் ஒருக்கா அணைச்சுட்டுப் போடுங்க டீச்சர்" என்றேன். அதுவும் நீ சொல்வதுதான்.

அதிகாரி உள்ளே வரவும் மெஷின்கள் கண் விழிக்கவும் சரியாக இருந்தது. முதல் பெண் பட்டனைத் தட்டினாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் பிரிண்டர் கர்ரென்று ஆரம்பித்தது. ஆறு மெஷினிலிருந்தும் ஒவ்வொரு தாள். மலரின் தாள் நாலாவது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி ஜன்னல் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினார். "இங்க என்ன கருவாட்டு வாசனை?" என்றார். தலைமை ஆசிரியை கொஞ்சமும் அசராமல், "காசிமேட்டு மீன் மார்க்கெட் காத்து சார், இந்தப் பக்கம் திரும்பிடுச்சு" என்றாரே பார்க்கணும். மலர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அதிகாரி நோட்டில் "ஆய்வகம் சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

அந்தச் செய்தியெல்லாம் பழசு. புதுசைச் சொல்கிறேன் கேள். மலர் கண்டெய்னர் யார்டு ஆபீஸில் பில்லிங் பார்க்கிறாள், உனக்குத் தெரியும். இப்போது அவளுக்குக் கீழே இரண்டு பேர். நீ போனதும் சொந்தக்காரர்கள், "இந்த குப்பைய மொதல்ல ஒழி, வூடு வெளிச்சமாவும்" என்றார்கள். நான் போட்ட சத்தத்தில் ஒருத்தரும் மூட்டை பக்கம் வரவில்லை. அதிலிருந்து ஒரு ஹப்பையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு நானும் மலரும் கத்திவாக்கம் போனோம். அங்கே இறால் பிடிக்கிற பெண்களின் சங்கத்தில் இரண்டு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. கோத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். ஏணியில் ஏறியது நான். மலர் கீழே நின்று, "அப்பாவே தேவலாம், இவ்ளோ கத்த மாட்டாரு" என்றாள்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் புது மெஷின்கள் வந்தன. உன் கறுப்பு ஒயரைக் கழற்றினார்கள். என்னைக் கூப்பிட்டு, "வேணும்னா எடுத்துக்கோங்கம்மா" என்றார்கள். வேண்டும் என்றேன். எடுத்துப்போகலாம் என்று ஒரு சீட்டும் எழுதி வாங்கினேன். கம்ப்யூட்டர் குரூப்பில் இப்போது இரண்டு பிரிவு, பெண்கள் இடம் கிடைக்காமல் சிபாரிசு தேடுகிறார்கள். அதை ஒரு காலத்தில் மூட இருந்தார்கள் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் இதை ஆண்டு மலரில் போடச் சம்மதித்தேன். ஒயர்கார தேவராஜ் என்று ஒரு ஆள் இருந்தான், அவன்தான் போட்டான் என்று உன் பெயர் அச்சில் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் நீ அத்திப்பட்டிலிருந்து தலையெல்லாம் சாம்பலாக வந்தாய். சைக்கிளைச் சாத்துவதற்குள் மலர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். நீ வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாய். "எந்த முன?" என்றாய். "ஜன்னலாண்ட" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"நான் பேசறதெல்லாம் சொவுத்துல முட்டிகினு எங்கிட்டயே திரும்பி வர்துன்னு நெனச்சிகினு இருந்தேன் மே. நீ கேட்டுகினா இருந்த?"

உன் கண் கலங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நீ என்னிடம் கேட்ட ஒரே பெரிய கேள்வி அதுதான். நான் என்ன சொன்னேன்? "மூஞ்சியக் கழுவிகினு வா, சோறு ஆறுது" என்றேன். எனக்கு அப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்க அடுப்பு பக்கம் திரும்பிவிட்டேன். நீ பதில் வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதில் வராமல் பழகிப்போனவன் நீ.

நம் வீட்டில் நன்றி என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பு வரும். இருந்தாலும் சொல்கிறேன். உரித்த ஒயருக்கும், கீறிய விரலுக்கும், சொல்லாமல் விட்டதற்கும் நன்றி. இனி யார் எந்த மெஷினைத் தூக்கிப் போட்டாலும் ஒருதரம் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டேன், இது சத்தியம். வீட்டில் யார் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவேன், அதுவும் சத்தியம்.

உன் கேள்விக்கு: ஆமாம்யா, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை விடாமல்.

உன் பெண்டாட்டி,
மலரின் அம்மா
கஸ்தூரி